சுண்டை வேரில் கத்தரி: வாடல் விழுகிற தோட்டத்துக்கு ஒட்டு நாற்று கட்டுவது எப்படி

ஒட்டு கட்ட, அதாவது சுண்டைத் தண்டில் கத்தரிக் கொழுந்தைச் செருகி ஒரே செடியாக்க, ஒரு செடிக்கு ஒரு நிமிடம் போதும். பிளேடு பிடிக்கப் பயமில்லாத யாரும் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் பதினோராம் வகுப்பு படிக்கிற என் தங்கை மகள் என்னைவிட வேகமாகக் கட்டுவாள். கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற எட்டு நாளில்தான் இருக்கிறது. அதிலும் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி அடிக்கிற மேல்காற்று இருக்கிறதே, குற்றாலத்தில் அதுதான் சாரல், நம் தோட்டத்துக்கு வந்து சேரும்போது வெறும் புழுதி. வெட்டின தண்டை அரை மணி நேரத்தில் கருவாடாக்கிவிடும்.

நான் முதல் தடவை கட்டியது அந்த ஆடியில்தான். 98 குழி உள்ள நாற்றுத் தட்டு ஒன்று முழுக்கக் கட்டினேன். வெட்டு சுத்தம், கிளிப் சுத்தம், எல்லாம் வீடியோவில் பார்த்தது போலவே. தாழ்வாரத்தில் வைத்து மேலே ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் நின்றது 11. அந்தப் பதினொன்றும் எங்கே இருந்தவை என்று பார்த்தேன், எல்லாம் சுவரோர மூலையில் காற்றுப் படாமல் இருந்தவை. வெட்டத் தெரியாமல் சாகவில்லை, காற்றில்தான் செத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் இங்கே வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், வெட்டினதற்கு அப்புறம் பார்க்கிற பண்டுவத்தைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

முதலில், செடி எதனால் சாகிறது?

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் தண்ணி பாய்ச்சும்போது நல்லாத்தான் நின்னுச்சு, காலைல பாத்தா தொங்கிப்போச்சு." இதைச் சொல்லாத கத்தரிக்காரர் எங்கள் பக்கம் இல்லை. உடனே கடைக்குப் போய் ஏதாவது ஒரு மருந்தை வாங்கி வேரில் ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் எடுங்கள்.

வாடின செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, தண்டின் வெட்டுமுனை தண்ணீருக்குள் இருக்கும்படி கையால் தொங்கவிட்டு அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஏதாவது கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா என்கிற கிருமியின் வேலை. இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிவிடுவது இதன் அடையாளம். பால் இறங்காமல், கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் அது பூசண வாடல். செடி சாகாமலும் வளராமலும் மத்தியானம் வாடி சாயங்காலம் தேறி, மறுநாளும் அதே கூத்து என்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. கடலைச் செடியின் வேர்முடிச்சை விரலால் தேய்த்தால் உதிரும், இது உதிராது, வேரே வீங்கியிருக்கும். தண்ணீர் ஊறித் தங்காத எங்கள் செம்மண், மணல் கலந்த தோட்டங்களில் நூற்புழுதான் பெரிய தலைவலி, அது வேரில் போடுகிற ஓட்டை வழியாக மற்ற வாடல்களும் சுலபமாக உள்ளே நுழைகின்றன.

இந்த மூன்றும் மண்ணில் குடியிருப்பவை. செடியைப் பிடுங்கி எறிந்தாலும் மண்ணில் வருஷக்கணக்கில் இருக்கும், மேல்தோட்டத்து வாய்க்கால் தண்ணீரில் கீழ்த்தோட்டத்துக்கு வரும், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணை மாற்ற முடியாது, அதனால் வேரை மாற்றுகிறோம். ஒட்டு என்பது அவ்வளவுதான். கீழே இந்த நோயைத் தாங்குகிற வேர், மேலே நமக்குப் பிடித்த கத்தரி.

ஆனால் தண்டுத்துளைப்பான், காய்ப்புழு, இலை எல்லாம் சுருங்கிச் சிறுத்துப் போகிற சிறு இலை நோய், வெள்ளை ஈ, இதெல்லாம் மேலே நடக்கிற சண்டை. சுண்டை வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒட்டு நாற்று வைத்தால் மருந்தே அடிக்க வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிற பள்ளத்துத் தோட்டமாக இருந்தாலும் முதலில் வடிகால் எடுங்கள், ஒட்டை அப்புறம் பார்க்கலாம்.

சுண்டை என்றால் எந்தச் சுண்டை

வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து, குலை குலையாகக் காய்க்கிறதே, குழம்புக்கும் வற்றலுக்கும் பறிக்கிற அதே சுண்டைதான். மலையடிவாரத்தில் குட்டையாக, ஊதாப் பூவோடு கசந்து கிடக்கிற காட்டுச்சுண்டை வேறு சாதி, அதை எடுக்காதீர்கள். வீட்டுச் சுண்டைக்கு பாக்டீரியா வாடல், பூசண வாடல், நூற்புழு மூன்றையும் தாங்குகிற குணம் இருக்கிறது, கத்தரிக்கு நெருங்கின உறவும்கூட, அதனால் சண்டை போடாமல் ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இதே சுண்டையில்தான் கத்தரியை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

சுண்டையின் கெட்ட குணம் அதன் விதை. எங்கே பார்த்தாலும் காக்கை எச்சத்தில் முளைத்துக் கிடக்கும், நாம் பாத்தி கட்டிப் போட்டால் முளைக்காது. முளைத்தாலும் ஒன்று இன்றைக்கு, இன்னொன்று பத்து நாள் கழித்து. பறித்த விதைக்கு உறக்கம் உண்டு, அதைக் கலைக்க வேண்டும்.

நன்றாக மஞ்சளாகப் பழுத்த காயாகப் பறித்து, பிசைந்து, தண்ணீரில் அலசி, மிதக்கிற சொத்தையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குகிற விதையை நிழலில் உலர்த்துங்கள். முளைப்பைத் தூண்டுகிற ஜிப்ரலிக் அமிலம் உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம் வீதம் கலந்து அதில் விதையை ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டால் முளைப்பு ஓரளவு சேர்ந்தாற்போல் வரும். அந்தத் தூள் தண்ணீரில் நேராகக் கரையாது, முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ள வேண்டும், இது தெரியாமல் நான் ஒரு பாக்கெட்டை வீணாக்கினேன். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். சுண்டை விதைக்கு வெளிச்சம் வேண்டும், பகல் சூடும் ராக்குளிரும் மாறி மாறி வேண்டும். மேலே மெல்லிசாகத் தென்னை நார்க்கழிவைத் தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும். முளைத்ததும் ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிடுங்கித் தனித்தனிக் குழியிலோ சின்னப் பையிலோ மாற்றுங்கள். மட்கின நார்க்கழிவோடு கொஞ்சம் மண்புழு உரமும், நோய்ப் பூசணத்தை அடக்குகிற நல்ல பூசணமான டிரைக்கோடெர்மாவும் கலந்து நிரப்பினால் போதும். தோட்டத்து மண்ணை மட்டும் நாற்றுக்குப் போடாதீர்கள், எதற்குப் பயந்து ஒட்டு கட்டுகிறோமோ அதையே தட்டில் வைத்து ஊட்டி வளர்த்தது போலாகும்.

சுண்டை ஆமை, கத்தரி முயல். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் சுண்டை நூல் மாதிரி இருக்கும்போதே கத்தரி நடவுக்குத் தயாராகி நிற்கும். ஆகவே சுண்டையை விதைத்து ஒரு மாதம் கழித்துத்தான் கத்தரி விதைக்க வேண்டும். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இதுதான்: புரட்டாசி முதல் வாரம் சுண்டை, ஐப்பசி முதல் வாரம் கத்தரி, கார்த்திகை முதல் வாரம் ஒட்டு, மார்கழி முதல் வாரம் நடவு. கார்த்திகையில் வடகிழக்கு மழை பெய்து காற்றே நனைந்து கிடக்கும், வெயிலும் தணிந்திருக்கும், நாம் பண்ணவேண்டிய பாதி வேலையை வானமே பண்ணிவிடும். ஆனி ஆடிக் காற்றிலும் சித்திரை வைகாசி வெயிலிலும் கட்டக் கூடாது என்றில்லை, அடைப்பான அறை வேண்டும், அவ்வளவுதான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கார்த்திகையில் ஆரம்பியுங்கள்.

மேலே எந்தக் கத்தரி என்பது உங்கள் சந்தையைப் பொறுத்தது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கே.கே.எம். 1, முட்டை வடிவத்தில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அதைக் கட்டலாம். வரிக்கத்தரியும் கட்டலாம். கேரளாவுக்கு லோடு போகிற நீளக் கத்தரியும் கட்டலாம். வேர்தான் சுண்டை, காயின் குணம் மேல்செடியுடையது.

வெட்டு

இரண்டு தண்டும் ஈர்க்குச்சிப் பருமன் வந்ததும் கட்டலாம். சுண்டைக்கு ஏறக்குறைய ஐம்பது அறுபது நாள் வயதிருக்கும், கத்தரிக்கு முப்பது. நாட்களை எண்ணாதீர்கள், பருமனைப் பாருங்கள். தண்டு முற்றிக் கட்டையாகிவிட்டால் ஒட்டாது, பிஞ்சாக இருந்தால் நசுங்கிவிடும்.

முந்தின நாள் சாயங்காலமே சுண்டைத் தட்டுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். கட்டுகிற நேரத்தில் விடாதீர்கள், வேர் தண்ணீரை மேலே தள்ளி வெட்டுவாயில் சாறு கொட்டும், செருகின கொழுந்து வழுக்கி வெளியே வந்துவிடும்.

வேண்டியது புது சவர பிளேடு, ஸ்பிரிட், பஞ்சு, ஒட்டுக் கிளிப். கிளிப் கிடைக்காதபோது சைக்கிள் வால்வு டியூபைக் கால் அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் கீறிவிட்டு மாட்டியிருக்கிறேன், நன்றாகவே பிடித்தது, ஆனால் நூறு செடிக்கு மேல் அதை மாட்டினால் விரல் போய்விடும். பிளேடை பத்துப் பன்னிரண்டு செடிக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் துடையுங்கள், ஐம்பதுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி பிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் இதைத் தொடக் கூடாது. புகையிலையும் கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம், புகையிலைத் தூளில் தேமல் வைரஸ் உயிரோடு இருக்கும், அது விரலிலிருந்து வெட்டுக்குள் போகும். எங்கள் ஊரில் கெட்டிக்காரக் கைகாரர் ஒருவரை இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நாற்றுக் கூடத்துக்குள் விடுவதில்லை, அவருக்கு இன்னும் என் மேல் வருத்தம்.

நாலு மணிக்கு மேல், வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கிறதே என்று தோன்றும். வேர்க்கட்டும்.

சுண்டையை மண்ணுக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் குறுக்கே வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே ஓரிரண்டு இலை இருந்தால் இருக்கட்டும். வெட்டின முகத்தின் நடுவில் நேராகக் கீழ்நோக்கி ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு போடுங்கள். கத்தரி நாற்றின் நுனியைக் கொழுந்தும் ஒன்றிரண்டு சிற்றிலையும் இருக்கும்படி வெட்டியெடுத்து, மற்ற பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்குங்கள், அதே ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், பென்சில் சீவுவது போலக் கொத்திக் கொத்திச் சீவினால் முகம் மேடும் பள்ளமுமாகி உள்ளே காற்று நிற்கும். ஆப்பைப் பிளவில் செருகுங்கள், கிளிப்பை மாட்டுங்கள்.

ஒட்டுவது எது என்று தெரிந்துகொண்டால் கை தானாகப் பழகும். தோலுக்கும் உள்கட்டைக்கும் நடுவில் மெல்லிய பச்சை வளையம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில்தான் புதுச் சதை வளரும். இரண்டு வளையமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு. கத்தரித் தண்டு சுண்டையைவிட மெலிசாக இருந்தால் நடுவில் செருகாமல் ஒரு ஓரமாகத் தள்ளி, அந்த ஒரு பக்கமாவது தோலோடு தோல் பொருந்தும்படி வையுங்கள். நடுவில் அழகாக வைத்தால் இரண்டு பக்கமும் தொடாது.

இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் பிளவும் ஆப்பும்கூட வேண்டாம், இரண்டையும் 45 பாகைச் சாய்வில் வெட்டி, சாய்வோடு சாய்வை வைத்துக் குழாய்க் கிளிப்பில் சொருகிவிடலாம். வேகம் அதிகம். தக்காளிக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். பத்து செடி முடிந்ததும் தட்டின் மேல் கைத்தெளிப்பானால் பனி மாதிரி தெளித்து ஈரத்துணியைப் போட்டு மூடுங்கள். தட்டு முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், முதலில் கட்டியது அதற்குள் வாடியிருக்கும்.

அந்த எட்டு நாள்

வெட்டினதும் மேல்செடிக்குத் தண்ணீர் வருகிற வழி அறுந்துபோகிறது. மூன்று நாலு நாளில் வெட்டுவாயில் சதை வளர்ந்து பிடிக்கும், தண்ணீர்க் குழாய்கள் ஒன்றோடொன்று சேர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் இலை குடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஆகவே இலை எதையும் இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்தில், சூடு 25 முதல் 30 பாகை, வெளிச்சம் முதலில் இல்லை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. காகிதத்தில் எழுதுவது சுலபம். ஈரத்துக்காகப் பாலிதீனைப் போட்டு மூடினால் உள்ளே சூடு ஏறும், சூட்டைக் குறைக்கத் திறந்தால் ஈரம் போகும். திருநெல்வேலிச் சீமையில் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் முழு வேலையே.

ஒட்டு கட்டின தட்டுகளை வைக்கிற என் கூடம் இப்படி: வீட்டின் வடபக்கம், வெயிலே விழாத பழைய மாட்டுத்தொழுவம், மேலே ஓலைக்கூரை. தரையில் இரண்டு வரிசை செங்கல்லால் கரைகட்டி அடியில் பாலிதீன் விரித்து இரண்டு அங்குலம் தண்ணீர். தண்ணீருக்கு மேலே செங்கல் அடுக்கி, தட்டுகள் அதன் மேல், தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் குழாயை வளைத்து நட்டுக் குடில் மாதிரி வைத்து, மேலே பாலிதீன், அதன் மேல் கருப்பு நிழல்வலை இரண்டு மடிப்பு. ஓரத்தையெல்லாம் மணல்மூட்டையால் அமுக்கி மேல்காற்றுக்கு ஒரு இண்டுகூட விடவில்லை. சூடும் ஈரமும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று உள்ளே தொங்குகிறது, கொஞ்சப் பணத்துக்குக் கிடைக்கும், இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மத்தியானம் 32-ஐத் தாண்டினால் பாலிதீனைத் திறப்பதில்லை, கூரை ஓலையின் மேலும் நிழல்வலையின் மேலும் தண்ணீரை வாரி இறைப்பேன்.

கட்டுவதற்கு முந்தின நாளே கூடத்தை நனைத்து மூடி வைத்துவிட வேண்டும், வறண்ட கூடத்தில் செடியை வைத்துவிட்டு அப்புறம் ஈரம் ஏற்ற முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் இருட்டு, திறக்கவே கூடாது. என் அம்மாவைத்தான் காவலுக்கு வைக்க வேண்டியிருந்தது, திறந்து பார்க்கத் துடிக்கிறது நான் தான். பாலிதீனின் உள்பக்கம் பனித்துளி கோத்து நின்றால் சரி. துளி இல்லையென்றால் கையை மட்டும் நுழைத்து பாலிதீன் சுவரில் தெளியுங்கள், செடி மேல் நேராக அடிக்காதீர்கள், ஒட்டுவாயில் தண்ணீர் நின்றால் கறுத்து அழுகிவிடும். நாலாம் நாள் ஒரு மடிப்பு நிழல்வலையை எடுங்கள். ஐந்தாம் நாள் காலை பாலிதீனை ஒரு முழம் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். இலை தொங்கினால் உடனே மூடுங்கள், தொங்கவில்லையென்றால் மறுநாள் அரை மணி, அதற்கு மறுநாள் இரண்டு மணி. எட்டாம் நாளுக்குள் பகல் முழுக்கத் திறந்திருக்கலாம், ராத்திரி மட்டும் மூடினால் போதும். அப்புறம் நிழல்வலைக்குள் பத்துப் பதினைந்து நாள் வைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். கிளிப்பை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம், சிலிக்கான் கிளிப் தண்டு பருக்கப் பருக்கத் தானே விரிந்து விழும்.

சுண்டையின் கணுவிலிருந்து துளிர் வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கிள்ளுங்கள்.

நடும்போது

நன்றாகப் பிடித்த ஒட்டைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கெடுக்க ஒரே வழி போதும், ஆழமாக நடுவது. நாற்று என்றால் கழுத்துவரை புதைத்து மண் அணைப்பதுதான் நம் கைப்பழக்கம். ஒட்டுச்செடியில் ஒட்டுவாய் மண்ணுக்கு மேல் குறைந்தது மூன்று விரற்கடை தெரிய வேண்டும், அதற்கப்புறம் மண் அணைக்கும்போதும் அப்படியே. வாய் மண்ணில் பட்டால் கத்தரித்தண்டு அங்கே தன் வேரை விடும், அந்த வேர் வழியாக வாடல் உள்ளே வரும், சுண்டை வேர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நடவுக்கு ஆள் வரும்போது வரப்பில் நின்று இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், முதல் நூறு செடியை நீங்களே நட்டுக் காட்டுங்கள்.

ஒட்டுக்கத்தரி சாதாரணக் கத்தரியைவிடப் பெரிதாக, வெகுநாள் நிற்கும். வெறும் நாற்றை இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்குப் பத்தாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் செடி வரும். இதை நாலடிக்கு மூன்றடி நடுங்கள், 3,630 போதும். ஒட்டு நாற்று விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், நாற்று விலை எத்தனை மடங்கு என்று மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டு உரம் வைத்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். வாடல் இல்லாத புதுத் தோட்டமாக இருந்தால் இவ்வளவு செலவு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், சாதாரண நாற்றே போதும்.

நட்டவுடனே ஒவ்வொரு செடிக்கும் இரண்டடிக் குச்சி ஊன்றி, ஒட்டுவாய்க்கு மேலே தளர்வாகக் கட்டுங்கள். காய்க்கனத்தோடு மேல்காற்றில் ஆடினால் ஒடிகிற இடம் அந்த வாய்தான். நூற்புழு உள்ள தோட்டத்தில் வரப்போரமும் ஊடேயும் கேந்தி, அதாவது செண்டுமல்லி, நட்டால் நல்லது, அதன் வேர் புழுவைக் குறைக்கும், தோவாளைச் சந்தைக்குப் பூவும் ஆகும்.

தக்காளி, மிளகாய், பாகல்

தக்காளியைச் சுண்டையில் கட்டலாம் என்கிறார்கள், கட்டியும் பார்த்தேன். பிடித்தது, ஆனால் பாதிச் செடியில் ஒட்டுக்கு மேலே பருத்தும் கீழே மெலிந்தும் கம்பில் பூசணிக்காய் வைத்த மாதிரி நின்றது. தக்காளிக்கு வாடல் தாங்கும் கத்தரி வேர்தான் நல்லது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இ.ஜி. 203 என்கிற கத்தரியை இதற்கென்றே பரிந்துரைக்கிறது. கத்தரி வேருக்கு இன்னொரு லாபம், ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலும் தாக்குப்பிடிக்கும், தக்காளி வேர் சீக்கிரமே மூச்சுமுட்டிச் சாகும். நூற்புழுவைத் தாங்குகிற தக்காளி வேர்களும் விற்பனைக்கு உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் குணத்தைத் தருகிற மரபணு மண் சூடு 28 பாகையைத் தாண்டினால் வேலை செய்யாது. நம் ஊர் மண் சித்திரையில் எவ்வளவு சுடும் என்று வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

மிளகாய், குடைமிளகாய் சுண்டையில் ஒட்டாது, கத்தரியிலும் தக்காளியிலும் ஒட்டாது, அதற்கு மிளகாய்ச் சாதி வேர்தான் வேண்டும். அப்புறம் ஒன்று, வேலியோரத்து ஊமத்தை என்ன வறட்சியிலும் திடமாக நிற்கிறதே என்று அதில் தக்காளியைக் கட்டிப் பார்க்கிற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒட்டும், காய்க்கவும் செய்யும், ஊமத்தை விஷம் வேரிலிருந்து காய்க்கு ஏறும். அமெரிக்காவில் அப்படிக் காய்த்த தக்காளியைத் தின்று ஒரு குடும்பமே நஞ்சேறிக் கிடந்தது பதிவாகியிருக்கிறது.

கொடிக்காய்களில் இந்த வித்தை பழையது, 1920களிலேயே ஜப்பானிலும் கொரியாவிலும் தர்பூசணியைப் பூசணி, சுரை வேரில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாகலுக்கு நுரைப்பீர்க்கு வேர் நன்றாக ஒத்துப்போகும். கொடிச்செடித் தண்டு உள்ளே கூடாக இருப்பதால் ஆப்பு முறை புதியவர்களுக்குச் சரிவராது. நெருக்கு ஒட்டு போடுங்கள்: இரண்டு நாற்றையும் ஒரே பையில் அருகருகே வளர்த்து, பீர்க்கின் குருத்தைக் கிள்ளிவிட்டு, பீர்க்கின் தண்டில் கீழ்நோக்கியும் பாகலின் தண்டில் மேல்நோக்கியும் பாதித்தண்டு ஆழத்துக்கு நாக்கு மாதிரி கீறி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி கிளிப் போட்டால் முடிந்தது. இரண்டுக்கும் வேர் இருப்பதால் வாடாது, நிழலில் வைத்தாலே போதும், கூடம் வேண்டாம். பத்து நாள் கழித்து ஒட்டுக்குக் கீழே பாகல் தண்டை வெட்டிவிடுங்கள். ஒரேயடியாக வெட்டப் பயமாக இருந்தால் முதல்நாள் நசுக்கிவிட்டு, இரண்டு நாள் பார்த்து வெட்டலாம்.

இனி துளிர் விஷயம். நட்ட பிறகும் ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வரும், கண்ணில் பட்டவுடன் கிள்ள வேண்டும், விட்டால் சுண்டை கத்தரியைக் கீழே தள்ளிவிட்டுத் தானே செடியாகிவிடும். இலையைப் பார்த்தாலே தெரியும், சுண்டை இலை அகலம், தண்டில் சின்ன முள். போன வருஷம் ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்தால் வாய்க்கால் ஓரத்து வரிசையில் ஐந்தாறு செடி முழுச் சுண்டையாக நிற்கிறது. ஏன் கிள்ளவில்லை என்று காய் பறிக்கிற ஆச்சியிடம் கேட்டேன். "நல்லாக் காய்க்குது, எதுக்கு வெட்டணும்னு விட்டுட்டேன்யா" என்றார். அந்த ஐந்தாறு செடியையும் அப்படியே விட்டுவிட்டேன். வற்றல் அவர் வீட்டுக் கூரையில் காய்கிறது.